தேதிக்கு முந்தியவர்கள்

தெருவில் அவரை மிலிட்டரி என்று கூப்பிட்டார்கள். பழைய ராணுவ ஆட்கள் நடுவில் அந்தப் பெயர் செல்லாது. அங்கே எல்லாருமே மிலிட்டரிதான். அவர்கள் வைத்த பெயர் லாரி. இருபது வருஷம் ராணுவத்தில் அவர் செய்த வேலை அது ஒன்றுதான். அடிவாரத்துக் கிடங்கிலிருந்து எல்லை முகாம்களுக்கு மலைப்பாதையில் லாரி ஓட்டினார். ஏறும்போது மாவு மூட்டை, மண்ணெண்ணெய், குண்டுப் பெட்டி. இறங்கும்போது பெரும்பாலும் காலி வண்டி. சில நாள் காலி இல்லை. அந்த நாட்களில் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருப்பது யார் என்று அவர் திரும்பிப் பார்த்ததில்லை. வளைவுகளில் மட்டும் வழக்கத்தைவிட மெதுவாகத் திருப்புவார்.

"அவங்களுக்கு இனிமே வலிக்கவா போகுது?" என்று உதவி டிரைவர் ஒரு முறை கேட்டான்.

"எனக்கு வலிக்கும்டா" என்றார்.

துப்பாக்கியால் அவர் யாரையும் சுட்டதில்லை. அவரையும் யாரும் குறி வைத்துச் சுட்டதில்லை. ஆனால் அந்தப் பாதை அவருடைய முதுகெலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ராணுவத்தை விட்டு வரும்போது பரிசோதித்த டாக்டர், "சண்டையில பட்ட அடியா?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார். வண்டி ஓட்டினதுல வந்தது."

"அப்போ வயசாகுறதுதான்."

"நாற்பதே இப்பத்தான் ஆச்சு சார்."

"முதுகுக்கு ஜாஸ்தி ஆயிடுச்சு போல" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். கெட்ட மனிதர் இல்லை. லாரி ஓட்டி முதுகு போனவனை எந்த வரிசையில் சேர்ப்பது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வந்த பென்ஷனில் குடும்பம் ஓடாது என்று முதல் மாதமே தெரிந்துவிட்டது. மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டாள். அவர் ஒரு பெரிய துணிக்கடையின் கார் நிறுத்துமிடத்தில் செக்யூரிட்டி ஆனார். பழைய மிலிட்டரி என்று தெரிந்ததும் மேனேஜருக்கு ஏக சந்தோஷம். "கார் உள்ள வரும்போது விறைப்பா ஒரு சல்யூட் அடிங்க. கஸ்டமருங்களுக்குப் பிடிக்கும்" என்றார். அடித்தார். கார்க் கண்ணாடிக்குள்ளிருந்து குழந்தைகள் திருப்பி அடித்தன. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை. மனைவிக்குத்தான் ஆறவில்லை. "அங்க அடிச்ச சல்யூட்டும் அரை வயித்துக்கு, இங்க அடிக்கிற சல்யூட்டும் அரை வயித்துக்கு. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு சாப்பாடு" என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

ராணுவ மருத்துவமனையில் மருந்து வாங்கும் வரிசையில் ஒரு நாள் பழைய உதவி டிரைவரைப் பார்த்தார். அவன் இவருக்குப் பின்னால் ஒரு வருஷம் கழித்து வெளியே வந்தவன். கட்டிப்பிடித்தான். புது பைக் வாங்கியிருப்பதாகச் சொன்னான். வேலை எங்கே என்று கேட்டதற்கு, "வேலை எதுக்குண்ணே, பென்ஷனே போதுமே" என்றான். பேச்சு வாக்கில் தொகையையும் சொல்லிவிட்டான். இவருடையதைப் போல இரண்டு மடங்கு.

லாரி தொகையை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவன் முகம் சிவந்து போயிற்று.

"அண்ணே, நீங்க வந்ததுக்கு அப்புறம்தான் சம்பளத்தை ஏத்தினாங்க. அந்தத் தேதிக்கு அப்புறம் வெளியே வந்தவங்களுக்குப் புது கணக்கு. முந்தி வந்தவங்களுக்குப் பழைய கணக்கு. நான் ஒண்ணும் பண்ணலண்ணே."

"நீ என்னடா பண்ணுவே" என்றார் அவர். "அதே லாரிதானே ஓட்டினே?"

"அதே லாரிதான். நீங்க விட்டுட்டுப் போன அதே வண்டி."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள். "போய்க் கேளுங்க. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். கேக்குறதுல என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றாள்.

அப்படித்தான் அவர் பந்தலுக்குப் போனார்.

பாதுகாப்பு அமைச்சகத்துக்கு எதிர்ப்புற நடைபாதையில் ஒரு நீலத் தார்ப்பாய்ப் பந்தல். தேதிக்கு முந்தி ஓய்வு பெற்றவர்கள் அங்கே முறை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஒரு கர்னல். வெள்ளை மீசை, சலவை கலையாத சட்டை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பொறுமையாக விளக்குவார்: "ஒரே பதவி, ஒரே வருஷ சேவை. அப்போ ஒரே பென்ஷன். இவ்வளவுதான் சார் நாங்க கேக்குறது." பந்தலின் வயிறு ஒரு பழைய ராணுவச் சமையற்காரர். பெயர் கரண்டி. ஒரு ஸ்டவ்வும் ஒரு பாத்திரமும் வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் டீ போடுவார்.

லாரி போன முதல் நாள் மழை. தார்ப்பாயில் தண்ணீர் தேங்கி நடுப்பகுதி கர்னலின் தலைக்கு மேலே பானை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. லாரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கயிறுகளை அவிழ்த்து, சரக்குக்குத் தார்ப்பாய் கட்டுகிற மாதிரி சரித்து இழுத்துக் கட்டினார். தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓடிற்று. கரண்டி ஒரு டம்ளர் டீயை நீட்டி, "இத்தனை நாளா எங்கய்யா இருந்தே?" என்றார். அன்றிலிருந்து இருவரும் இணைபிரியவில்லை.

வார விடுமுறையிலும், இரவுக் காவல் முடிந்த பகல்களிலும் லாரி பந்தலில் இருந்தார். தூக்கத்தை அங்கேயே சுவரில் சாய்ந்து முடித்துக்கொண்டார். மதிய வேளையில் அமைச்சக ஊழியர்கள் சாப்பிடக் கூட்டமாக வருவார்கள். முதலில் இவர்கள் பக்கம் பார்க்காமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டு போனார்கள். சில மாதத்தில் தலையசைக்க ஆரம்பித்தார்கள். "பார்த்தியா, பழகிட்டாங்க" என்று லாரி சந்தோஷப்பட்டார்.

"பழகினதுதான்யா ஆபத்து" என்றார் கரண்டி. "விளக்குக் கம்பம் மாதிரி ஆயிட்டோம்."

பழகிய கண்ணை உறுத்த ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள்: மெடல்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. ஒரு காலையில் வரிசையாக அணிவகுத்துச் சாலையைக் கடந்தார்கள். பஸ்கள் நின்று வழிவிட்டன. லாரியின் முதுகு அன்று நேராக நின்றது. வாசலில் ஓர் அதிகாரி ஓடி வந்து கையைக் குறுக்கே வைத்தார்.

"இதை வாங்கிக்க எனக்கு அதிகாரம் இல்லைங்க. மெடலைக் கொடுக்கத்தான் விதி இருக்கு. திருப்பி வாங்க விதி எதுவும் இல்லை."

"அப்போ புதுசா ஒண்ணு போடுங்க" என்றார் கர்னல்.

"நான் போட முடியாதுங்களே" என்றார் அந்த அதிகாரி. உண்மையிலேயே சங்கடப்பட்டார். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

வாசற்படியில் ஒரு துணியை விரித்து மெடல்களை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். சிலர் அழுதார்கள். மறுநாள் காலை, வாசலில் காவல் நிற்கும் இளம் சிப்பாய் ஒரு சாக்குப் பையைத் தோளில் சுமந்து சாலையைக் கடந்து வந்தான். விறைப்பாகச் சல்யூட் அடித்தான்.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு சார். நனையக் கூடாதுன்னு உள்ள எடுத்து வெச்சேன். இப்ப திருப்பிக் கொடுத்துடச் சொல்லிட்டாங்க" என்று சொல்லிப் பையை இறக்கினான். உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று நாடா சிக்கிக் குவியலாகக் கிடந்தது.

சாவகாசமாக உட்கார்ந்து பிரித்தார்கள். வீரப் பதக்கம் வாங்கிய ஓரிருவருக்குத் தங்களுடையது சட்டென்று தெரிந்துவிட்டது. லாரிக்கு இருந்தது ஒன்றே ஒன்று, மலை முகாம்களில் பணியாற்றியவர்களுக்கெல்லாம் கொடுக்கிற சாதாரண மெடல். பந்தலில் பாதிப் பேரிடம் அது இருந்தது. எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"எதையாவது எடுத்துக்க. எல்லாருக்கும் ஒரே மலைதானே" என்றார் கரண்டி. "மலை ஒண்ணு, மெடல் ஒண்ணு. பென்ஷன்தான் வேற வேற."

பந்தலே சிரித்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் அந்தச் சிரிப்பைப் படம் எடுத்துப் போட்டார். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, அடுத்த வாரம் அமைச்சர் கர்னலைக் கூப்பிட்டுப் பேசினார். குழு ஒன்று போட்டார்கள். கர்னலும் அதில் ஓர் உறுப்பினர். அன்று கரண்டி டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டார்.

குழு ஒரு வருஷத்துக்கு மேல் கூடிக்கொண்டே இருந்தது. பந்தலிலிருந்து இரண்டு பேர் அதற்குள் இறந்துபோனார்கள். கடைசியில் ஒரு மாலை கர்னல் வந்தார். வழக்கமான நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்: அதிகாரிகளுக்கும் சண்டையில் காயம்பட்டவர்களுக்கும் பென்ஷனை உயர்த்தப் போகிறார்கள். மற்றவர்களுடையதைப் பின்னால் பரிசீலிப்பார்கள்.

"மற்றவங்கன்னா யாரு சார்?" என்று லாரி கேட்டார்.

கர்னல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "டிரைவர், சமையல், ஸ்டோர்… லாரி, நான் எவ்வளவோ பேசினேன். மொத்தமா கேட்டா ஒண்ணுமே தர மாட்டேன்னுட்டாங்க. முதல்ல கிடைச்சதை வாங்கிக்குவோம். அப்புறம் உங்களுக்காகப் போராடுவோம்."

"வாங்கினவங்க அப்புறமும் வருவாங்களா சார்?"

"நான் வருவேன்."

அவர் வரவும் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். கொஞ்ச காலம் வாரம் தவறாமல் வந்து தனியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைப் போலப் பென்ஷன் உயர்ந்த மற்றவர்கள்தான் வரவில்லை. பிறகு அவருக்கும் கண் அறுவை, மகன் ஊர் என்று வருவது குறைந்து நின்றுபோயிற்று. கூட்டம் கரைந்த பந்தலை ஒரு காலையில் போலீஸ் வந்து பிரித்தது. அடிதடி எதுவும் இல்லை. ஒரு கான்ஸ்டபிள் கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் திண்டாட, லாரியே போய் அவிழ்த்துக் கொடுத்தார். தார்ப்பாயை ஒழுங்காக மடித்தும் கொடுத்தார்.

அதே குழுவின் அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருந்தது. அதை லாரி டீக்கடை டிவியில்தான் பார்த்தார். பென்ஷன் பாரம் அரசால் தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டதாம். இனிமேல் சிப்பாய்களாகச் சேர்கிறவர்களுக்கு நான்கு வருஷ ஒப்பந்தம். முடிந்ததும் கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பென்ஷன் கிடையாது. கரண்டி பக்கத்தில்தான் நின்றார். குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே கொட்டினார்.

"நாம பழசைக் கேட்கப் போய், வர்ற பிள்ளைங்க வாயில மண்ணைப் போட்டுட்டோம்யா."

"நம்மால இல்ல. எப்படியும் செஞ்சிருப்பாங்க" என்றார் லாரி. ஆனால் அது அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு பல நாள் பேச்சுக்கு நடுவில் சம்பந்தமில்லாமல், "எப்படியும் செஞ்சிருப்பாங்க" என்பார். மனைவி, "யாருங்க? என்னத்தை?" என்று கேட்பாள்.

அவர்களுக்கு ஒரே மகள். பள்ளி முடித்துவிட்டு ஊருக்கு வெளியே ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக விடியற்காலையில் எழுந்து ஓடப் போனாள். உடம்பைக் கவனித்துக்கொள்கிறாள் என்று அவர் நினைத்தார். ராணுவத்தில் தேர்வாகிவிட்டாள் என்பதை மனைவிதான் சொன்னாள். மெஷினை மிதிப்பதை நிறுத்தாமலே சொன்னாள். அவள் நிறுத்தாமல் மிதித்தால் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

மகள் வேலையிலிருந்து வந்ததும் அவர் கேட்டார். குரல் உயர்ந்துவிட்டது.

"அந்த வாசல்ல நான் எதுக்கு உட்கார்ந்திருந்தேன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா போறே? நாலு வருஷம் கழிச்சு கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுடுவாங்க. பென்ஷன் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

மகள் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அட்டைப் பெட்டி ஓரங்கள் கீறி விரல் நுனியெல்லாம் கோடு கோடாக இருந்தது.

"இப்போ போற இடத்துல மட்டும் பென்ஷன் இருக்கா? நாளைக்கு வேலை உண்டா இல்லையான்னு சாயங்காலம் போன்ல சொல்றாங்க. அங்க நாலு வருஷம் நிச்சயம்ப்பா. சாப்பாடு போடுறாங்க, உடுப்பு தர்றாங்க. என்கூட வேலை செய்யுற பொண்ணுங்க எல்லாம் எனக்கு அதிர்ஷ்டம்னு சொல்றாங்க."

"அதிர்ஷ்டமா?"

"உங்க காலத்தோட போச்சுப்பா பென்ஷன்ங்கிற வார்த்தையே. எங்க செட்ல யாருமே அதைப் பேசி நான் கேட்டதில்ல."

அவர் மனைவியைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்கிற பார்வை. மனைவி மெஷினை நிறுத்தினாள். "கேட்டுப் பார்க்கலாம்னு உங்களை அனுப்பினவளே நான்தான். இத்தனை வருஷம் கேட்டீங்க. இவளை எந்த வாயால நான் போகாதேன்னு சொல்றது? வேற என்ன இருக்கு இவளுக்கு, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மகள் போகும் நாளில் ரயில் நிலையத்துக்குப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போனார். வேண்டாம், முதுகு என்று மகள் பிடுங்கப் பார்த்தாள், விடவில்லை. சாக்ஸை ஈரத்தோடு போடாதே, வரிசையில் முன்னால் நிற்காதே, கடைசியிலும் நிற்காதே, நடுவில் நில் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ரயிலில் அவளைப் போலவே புதுப் பெட்டிகளோடு நிறையப் பேர். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கும் சாக்கில் இறங்கி, வண்டி கிளம்பும் வரை கடைப்பக்கமே நின்றார்.

கரண்டியும் அவரும் சேர்ந்து மிச்சமிருந்தவர்கள் பெயரில் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு தள்ளிப் போயிற்று, தள்ளிப் போயிற்று. ஒரு தடவை நீதிபதி கனிவாகப் பேசி, அரசு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்றார். அரசு பரிசீலித்தது; முடியாது என்று சொல்லிற்று. மேல் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த மழைக்காலத்தில் கரண்டி நெஞ்சுச் சளியில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. கடைசியாகப் போய்ப் பார்த்தபோது, "கேஸ் என்னய்யா ஆச்சு?" என்று கேட்டார். "நமக்குச் சாதகமாத்தான் போகுது" என்றார் லாரி. கரண்டி கண்ணைத் திறந்து, "சர்க்கரை போடாத டீயை இனிப்பா இருக்குன்னு நீட்டுற மாதிரி பேசுறே" என்றார். அதுதான் அவர் சொன்ன கடைசி வேடிக்கை.

நான்கு வருஷம் கழித்து மகள் திரும்பி வந்தாள். தோள் அகன்று, முகம் கறுத்து, பேச்சு குறைந்து வந்தாள். கொண்டுவந்த தொகை வீட்டுக் கூரைக்கும் அம்மாவின் கண் அறுவைக்கும் போயிற்று. போலீஸ், ரயில்வே, வங்கி என்று எல்லா இடத்திலும் எழுதிப் பார்த்தாள். முன்னுரிமை உண்டு என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். கடைசியில் கிடைத்தது பழைய சரக்குக் கிடங்கு. முன்னால் பெட்டி கட்டியவள் இப்போது வாசலில் உடுப்பு போட்டு நின்று, பெட்டி கட்டும் பெண்களின் பைகளைச் சோதித்து வெளியே அனுப்பினாள். "அவங்க என்னை அக்கான்னு கூப்பிட்டுட்டே பையைத் திறந்து காட்டுறாங்கம்மா" என்று ஒரு நாள் அம்மாவிடம் சொன்னாள்.

ஒரு ஞாயிறு மாலை லாரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பல நாளாக மனதில் உருட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"உன்கூட வெளியே வந்தவங்க எத்தனையோ பேர் இருப்பாங்களே. எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் வெச்சா என்னம்மா? ஆரம்பிக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும். கர்னலைக்கூடக் கேட்கலாம்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"என்னன்னு கேக்கிறதுப்பா?"

"நியாயமானதைக் கேக்கிறது."

"உங்களுக்கு ஒரு வாக்கு கொடுத்திருந்தாங்க. அதை மீறிட்டாங்க. அதனால நீங்க போய் வாசல்ல உட்கார்ந்தீங்க. எங்ககிட்ட நாலு வருஷம்தான்னு மொதல்லயே சொல்லிட்டாங்களே. தெரிஞ்சுதானே போனோம். எங்களை யாரு ஏமாத்தினாங்கன்னு சொல்றது?"

அமைச்சர் கேட்டால் என்ன சொல்வது, நிருபர் கேட்டால் என்ன, போலீஸ் கேட்டால் என்ன என்று பந்தலில் உட்கார்ந்து அவர் எத்தனையோ பதில்களை மனப்பாடம் செய்திருந்தார். இதற்கு ஒன்றுமில்லை. கரண்டி இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார். இவர் மகளுடைய கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விட்டுவைத்தவள், "துணி மடிக்கணும்ப்பா" என்று எழுந்து போனாள்.

மேல் கோர்ட்டில் வழக்கு இன்னும் நடக்கிறது. மனுவில் பெயர் இருப்பவர்களில் உயிரோடு இருப்பவர்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம். தேதி போடும் நாளெல்லாம் லாரி போய்விட்டு வருகிறார். ஏன் போகிறீர்கள் என்று மனைவி கேட்பதில்லை. சட்டையை மட்டும் இஸ்திரி போட்டு வைக்கிறாள். மற்ற நாட்களில் காலையில் அப்பாவும் மகளும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். இவர் உடுப்பு நீலம், துணிக்கடையுடையது. அவள் உடுப்பு சாம்பல் நிறம், கிடங்கினுடையது. தெருமுனை வரை சேர்ந்து நடக்கிறார்கள். அவருக்காக அவள் நடையைக் குறைத்துக்கொள்கிறாள். அங்கே கிடங்கு வேன் வந்து நின்றதும், "வரேன்ப்பா" என்று ஏறிக்கொள்கிறாள். அவர் பஸ் நிறுத்தத்துக்குப் போய், உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று நின்றபடியே காத்திருக்கிறார்.